மஞ்சள் முகமும் மஞ்சள் கண்ணாடியும்

பதுளையில் கேமரா வைத்திருப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கச்சேரிக் குமாஸ்தாக்கள், தபால் கந்தோரில் இருப்பவர்கள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளில் வசதியான சிலர் என்று பலரும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்ல மலைப் பக்கமோ நமுனுகுல மலைப் பக்கமோ கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை என் கடைக்கு வருகிறார்கள். மலை விழவில்லை, மேகம் விழவில்லை, வெறும் வெள்ளைதான் விழுந்திருக்கிறது என்கிறார்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற மஞ்சள் கண்ணாடி மலிவாக ஒன்று வருகிறதே, அதை வாங்கலாமா, கூடாதா?

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. கேட்கிறவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தலையை ஆட்டிவிடுவேன். என்னிடம் கேட்டுவிட்டு வாங்கியவர்களும் உண்டு, என்னிடம் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு. இரு தரப்பாரும் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

கூச்சமுள்ளவனுக்குப் படம் பிடிக்கிற தொழிலைப்போல ஒரு தொழில் கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம். நம் முகம் யாருக்கும் தெரியாது. எதிரே இருப்பவர் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவார். தலைகீழாக நிற்கிற மனிதரிடம் யாருக்கும் பயம் வராது. கூலியாட்கள் கிட்டே போக நடுங்குகிற எத்தனையோ பெரிய துரைமாரை நான் கால் மேலே, தொப்பி கீழே என்றுதான் பார்த்திருக்கிறேன்.

அந்த நாளில் என் கடை பஜாரில் என் அக்காள் புருஷனுடைய ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்தது. மேலே பாதிக் கூரை கண்ணாடி. மழை பெய்தால் படமும் கிடையாது, பேச்சும் கேட்காது. பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பண்டாரவளையில் இறங்கி மாட்டு வண்டியில் வருவார்கள். வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் இடுப்பு வலி, பிறகுதான் சிரிப்பு. ஆகவே படத்தில் யாரும் சிரித்ததில்லை.

படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டுக்கு அந்தக் காலத்தில் ஒரு குணம். நீலம் அதற்கு வெள்ளை. மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கறுப்பு. நீலச் சேலை கட்டி வந்தவள் படத்தில் விதவையாகப் போவாள். முகமெல்லாம் செம்புள்ளி உள்ள ஒரு துரைசாணியை ஒருமுறை படம் பிடித்தேன். எள் தூவிச் சுட்ட ரொட்டி மாதிரி விழுந்தாள். அந்தத் துரை படத்தைப் பார்த்துவிட்டு அவளையும் ஒருமுறை பார்த்தார். அதுவரை கவனிக்கவில்லை போலும்.

துரைசாணிகள் ஆண்டுக்கு ஒருத்தியோ இருவரோதான் வருவார்கள். என்னிடம் வந்த மற்றப் பெண்களெல்லாம் தோட்டத்திலிருந்தும் பஜாரிலிருந்தும் வந்தவர்கள். படம் பிடிக்கப் போகிறோம் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? தலைக்குக் குளித்து, முகத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசி, குங்குமம் வைத்து, உள்ளதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். எவ்வளவு நல்ல நாளோ அவ்வளவு கெட்டியாக மஞ்சள். எவ்வளவு கெட்டியாக மஞ்சளோ அவ்வளவு கறுப்பாகப் படம்.

இதற்கு மருந்து எனக்குத் தெரியும். "முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கொல்லையில் தொட்டி நிறையத் தண்ணீரும் இருந்தது. ஆனால் அப்பனும் அண்ணனும் பக்கத்தில் நிற்க, மங்கலமாக வந்தவளைப் பார்த்து, முகத்து மஞ்சளைக் கழுவு என்று அந்நிய ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? அதைச் சொல்லும் வாய் எனக்கு இல்லை. சொல்வதற்குப் பதிலாகப் பென்சில் வாங்கினேன். பிளேட்டில் கறுப்பானது படத்தில் வெள்ளை; அதனால் பிளேட்டைக் கழுவிக் காயவைத்து, முகம் இருக்கிற இடத்தில் கூர்ப் பென்சிலால் மெல்லப் பூசினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். கொஞ்சம் பூசினால் மனுஷி. அதிகம் பூசினால் கொலுப்பொம்மை. நான் விற்ற கொலுப்பொம்மைகள் இன்றும் தோட்டத்துக் குடியிருப்பு லயங்கள் பலவற்றில் சுவரில் தொங்குகின்றன.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நமுனுகுல அடிவாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கங்காணியார் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கடல் தாண்டித் துறையூர்ப் பக்கத்தில் தூரத்து உறவு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை இங்கேயே வந்து மாமனாருக்குக் கீழே சில்லறைக் கங்காணியாக இருப்பதாகப் பேச்சு. பெண் இங்கே பிறந்தவள். அங்கே யாரும் அவளைப் பார்த்ததில்லை. படம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வாரமே ஊருக்குப் போகிற ஆள் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை வேறு. அந்த அம்மாள் மகளுடைய கன்னத்திலும் மோவாயிலும் மஞ்சளை அப்பியிருந்தாள். நெற்றியில் மட்டும் வியர்வையில் கரைந்து போயிருந்தது. நான் துணிக்குள்ளிருந்து பார்த்தேன், என்ன நடக்கும் என்று தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. படத்தில் நெற்றி வெளுப்பு, கன்னம் இரண்டும் கரி, மோவாயில் ஒரு திட்டு. பென்சிலால் இயன்றதைச் செய்தேன். அவசரத்தில் செய்த வேலை. திட்டுக்கு நடுவே இன்னும் நாலு திட்டு ஆனது. கங்காணியார் வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முறை அவர் வந்தபோது சிரிப்பு இல்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அதட்டிப் பழகிய குரல். ஜவுளிக்கடையில் சீட்டித் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க அந்தப் போட்டோக்காரன்?"

நான் இருட்டறைக்குள் போய்விட்டேன். ஜவுளிக்கடைக்கார மச்சான்தான் முன்னால் போனார்.

"என்னங்க கங்காணியாரே, உக்காருங்க."

"உக்கார வரலீங்க முதலாளி. எம் மகளுக்குத் தோல்ல படையான்னு கேட்டு அனுப்பியிருக்கா அந்தப் பொம்பள. படையா, தேமலா, வேற எதாச்சுமா, தெரியாம சம்பந்தம் பண்ண மாட்டாளாம். படத்தப் பாத்தவன் ஒவ்வொருத்தனும் ஒரு வியாதி சொல்றானாம். போன ஆளு திரும்பி வந்து தோட்டம் பூரா சொல்லிட்டான். இப்ப துறையூரான் மட்டுமில்ல, இங்க இருக்கிறவன்கூட எம் பொண்ணக் கேட்டு வர மாட்டான்."

"மாப்ள," என்று மச்சான் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வெளிய வா. நீ பண்ணின வியாதிய நீயே வந்து பாரு."

வந்தேன். கங்காணியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதட்ட வந்தவர் என் நிலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தீபாவளி கழித்து இன்னொரு ஆள் ஊருக்குப் போகிறார், அவர் கையில் வேறு படம் கொடுத்துவிட வேண்டும், இதுவும் கெட்டால் முசிறியில் தயாராக இருக்கிற பெண்ணை அவர்கள் முடித்துவிடுவார்கள் என்று சொன்னார்.

"எம் மக மூஞ்சி எப்பிடி இருக்கோ அப்பிடி விழணும் தம்பி. கூட ஒண்ணும் வேணாம். அவ்வளவுதானே கேக்குறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொல்லி மஞ்சள் பூசாமல் கூட்டி வாருங்கள் என்றிருக்கலாம். நான் சொன்னது, "கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாக்குறேங்க." மூன்று வார்த்தையைப் பேசக் கூச்சப்பட்டு மனிதன் எவ்வளவு செலவு செய்வான் என்பதற்கு நான் சாட்சி.

மஞ்சள் கண்ணாடி போட்டால் மஞ்சள் நிறம் கறுப்பாக விழாது என்று கேள்விப்பட்டிருந்தேன். துரைமாருக்கு மருந்து விற்கிற கடையில்தான் பிளேட்டு, ரசாயனம் எல்லாம் கிடைக்கும். அங்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று இரண்டு நல்ல கண்ணாடிகளுக்கு நடுவே மஞ்சள் தாளை வைத்து ஒட்டியது. பித்தளை வளையம், வெல்வெட் பெட்டி. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அந்தக் கடைக்காரர் விடவில்லை. இன்னொன்று ஒற்றைக் கண்ணாடி, சாயம் ஏற்றியது, ஒரு ஓரம் பழுத்த எலுமிச்சை, மறு ஓரம் பழுக்காத எலுமிச்சை. காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். அதைத்தான் வாங்கினேன். வளையம் என் லென்ஸுக்குப் பொருந்தவில்லை. மெழுகு வைத்து ஒட்டினேன்.

பெண்ணை வரச்சொல்லும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் பூசிய முகம் ஒன்று வேண்டும். அக்காளைக் கேட்டேன். "நான் மாட்டேன். நீ என்னைக் கறுப்பாக்கி ஊரெல்லாம் காட்டவா? இந்தா, இவரு சும்மாதான உக்காந்திருக்காரு" என்று மச்சானைக் காட்டினாள். மச்சான் மறுத்தார். அதற்குள் அக்காள் மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கன்னத்தில் பூசுவது, மறு கன்னத்தை விட்டுவிடுவது, வித்தியாசம் பார்ப்பது என்று ஏற்பாடு.

"அசையாதீங்க," என்றாள் அக்காள். "நான் வாரா வாரம் பூசுறேன், அசையறேனா?"

"நீ கடையிலயா உக்காந்து பூசுற?"

பாதிப் பூச்சோடு அவர் கல்லாவில் இருந்தபோது ஒரு செட்டியார் வந்துவிட்டார். "என்ன முதலாளி, பல் வலியா?" என்றார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, ராத்திரி பூரா தூக்கமில்ல" என்றார். சாயங்காலத்துக்குள் பஜாரிலிருந்து கிராம்புத் தைலம் மூன்று சீசா வந்தது.

படம் விழவில்லை. கண்ணாடியைப் போட்டு வழக்கம்போல் லென்ஸ் மூடியைத் திறந்து மூடினேன்; பிளேட்டில் ஒன்றுமே இல்லை. வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம் திறந்து வைத்தேன். மச்சான் இருக்கிற அடையாளம் தெரிந்தது. இன்னும் அதிக நேரம் வைத்தேன், மச்சான் தும்மிவிட்டார். கடைசியில் ஒருவாறு விழுந்த படத்தில் மஞ்சள் கன்னம் முன்போலவே கரி. கண்ணாடியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். பேசாமல் மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் அது சுற்றியிருந்த காகிதத்தை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். படித்து முடித்து, "இது அந்தப் பிளேட்டுக்கு இல்ல. மஞ்சள் பாக்கத் தெரிஞ்ச பிளேட்டு வேற இருக்கு. அதுக்குத்தான் இது" என்றார். விற்றவருக்கு வெட்கம் வரவில்லை. வாங்கிய எனக்கு வந்தது.

யோசித்தால் நியாயம்தான். கண்ணாடி நீலத்தை நிறுத்திவிட்டு மஞ்சளை உள்ளே விடுகிறது. பிளேட்டுக்கோ நீலம் மட்டும்தான் கண் தெரியும். தெரிகிற ஒன்றையும் மறைத்துவிட்டுப் பார் என்றால் அது எதைப் பார்க்கும்? அதனால் புதுப் பிளேட்டும் வாங்கினேன். அதை இருட்டறையில் என் பழைய விளக்கு வெளிச்சத்தில் கழுவினேன். விளக்குக்கு நான் சுற்றியிருந்தது மஞ்சள் துணி. புதுப் பிளேட்டுக்கு மஞ்சள் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். முழுக்கப் புகை மூடியது மாதிரி ஆனது. அக்காளுடைய பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து இரண்டு மடிப்பாகச் சுற்றிய பிறகுதான் ஒரு பிளேட்டு பிழைத்தது. அதில் மச்சானுடைய இரண்டு கன்னமும் ஒன்றுபோல் இருந்தன. எது பூசியது, எது பூசாதது என்று அவருக்கே தெரியவில்லை. "இதுக்குத்தானா இவ்வளவு?" என்றார். "நேத்தே கழுவியிருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்திருக்கும்."

கங்காணியாருக்குச் சொல்லி அனுப்பினேன். மூவரும் வந்தார்கள். அந்த அம்மாள் சென்ற தடவை மஞ்சள் போதவில்லை, அதனால்தான் முகம் சரியாக விழவில்லை என்று முடிவு செய்திருந்தாள். வண்டியில் வரும்போதே பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். கைக்கு அடக்கமான டப்பாவில் மிச்சமும் இருந்தது. அந்தப் பெண் முகம் புதிதாக வார்த்த வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்து, தலை அசையாமல் பின்னால் இரும்புக் கவட்டையைப் பொருத்தினேன். அதைப் பொருத்தும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கவட்டையைத்தான் பார்த்தேன். துணிக்குள் நுழைந்தேன். அவள் தலைகீழாக என்னைப் பார்த்து, "போட்டோக்காரண்ணே, அன்னிக்கு இந்த மஞ்சக் கண்ணாடி இல்லையே. எதுக்கு இது?" என்றாள்.

அவளும் நானும் நேருக்கு நேர் இருந்தால் தலையை ஆட்டிவிட்டு இருந்திருப்பேன். துணிக்குள் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. "மஞ்சள் பூசின முகம் படத்துல கறுப்பா விழும். இத மாட்டினா விழாது," என்றேன். துணி என் வாயில் பாதியை விழுங்கிவிட்டது. மீதி அவளுக்குக் கேட்டுவிட்டது.

அவள் ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு வந்த படையெல்லாம் மஞ்சளா?"

"ஆமா."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா மூஞ்சியக் கழுவிட்டு உக்காந்திருப்பேனே. தொட்டி அந்தா இருக்கு." அவள் கவட்டையிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஆத்தா, நான் கழுவிட்டு வாறேன்."

"உக்காருடி," என்றாள் அந்த அம்மாள். "கலியாணத்துக்குப் படம் புடிக்கிறப்ப வெறும் மூஞ்சியோட உக்காருவாளா ஒருத்தி? அவங்க வீட்ல பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"இப்ப மட்டும் என்ன நல்லதாவா நெனைக்கிறாங்க?"

கங்காணியார் என்னைப் பார்த்தார். அதாவது துணியைப் பார்த்தார். "தம்பி, கழுவணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

கழுவினால் கண்ணாடியே வேண்டாம், பழைய பிளேட்டே போதும், நான் வாங்கியதெல்லாம் வீண். கழுவாவிட்டால் அந்த அம்மாளுக்குத் திருப்தி, ஆனால் மலிவுக் கண்ணாடிக்கு அதிக நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் மூன்றாம் தடவை கிடையாது, ஊருக்குப் போகிற ஆள் மறுநாள் புறப்படுகிறார். இதையெல்லாம் எப்படி ஒரு வார்த்தையில் சொல்வது? "வேணாம். ஆனா அசையக் கூடாது," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். அவ்வளவு பேசுகிற பெண் எவளும் அப்படி அசையாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. கண்ணிமைகூட ஆடவில்லை. மூடியை மூடிய பிறகுதான் மூச்சு விட்டாள். "படைகாரி எந்திரிக்கலாமா?" என்று கேட்டாள்.

படம் நன்றாக விழுந்தது. நிறம் அவள் நிறம். ஓரத்தில் சற்று மங்கல். அது கண்ணாடியின் கோணல். முகத்துக்கு அந்த மங்கல் கெடுதல் இல்லை. குங்குமம் மட்டும் கறுத்துவிட்டது. அதற்கு எந்தக் கண்ணாடியும் என்னிடம் இல்லை. கங்காணியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எம் மக," என்றார்.

அந்தப் பெண் படத்தைப் பார்க்கவில்லை. அப்பனைப் பார்த்தாள். "எம் மூஞ்சிய அவங்க ரெண்டாந் தரம் பாக்கப் போறாங்க. அவங்க மூஞ்சிய நாம ஒரு தரம் பாக்க வேணாமா?"

"மாப்பிள படத்தக் கேக்குறதா? எந்த ஊர் வழக்கம் அது?"

"படையான்னு கேக்குறது எந்த ஊர் வழக்கம்?"

கங்காணியார் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஆனால் படம் கொண்டுபோன ஆளிடம் பாதி விளையாட்டாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தை பிறக்கும் முன் பதில் வந்தது. பெண்ணை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கூடவே திருச்சியில் எடுத்த மாப்பிள்ளை படமும் வந்திருந்தது. நல்ல இடத்தில் எடுத்ததா என்று பார்த்துச் சொல்லும்படி கங்காணியார் அதை என்னிடம் கொண்டுவந்தார். மகளும் வந்தாள்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கன்னம் முழுக்கப் பென்சில். என்னைப்போல அவசரக்காரன் வேலை அல்ல. அந்தத் திருச்சிக்காரன் பொறுமைசாலி, புள்ளி புள்ளியாக வைத்திருந்தான். முகத்தில் பள்ளம் பள்ளமாக இருந்ததைப் பிளேட்டில் நிரப்பினால்தான் அப்படி இருக்கும். நான் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல அட்டை என்றேன்.

"அண்ணே," என்றாள் அவள், "அட்டையையா கட்டிக்கப் போறேன்? நீங்க துணிக்குள்ள போயிச் சொல்றதுன்னா போயிச் சொல்லுங்க."

மச்சான் ஜவுளிக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் துணிக்குள் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அம்மைத் தழும்பு இருக்கும்னு நெனைக்கிறேன். பூசி மறைச்சிருக்காங்க."

கங்காணியார் எழுந்துவிட்டார். "எம் மகளுக்குப் படைன்னு சொன்னவ, மகன் மூஞ்சியில பென்சில் வச்சு அனுப்பியிருக்காளா? வேணாம் இந்தச் சம்பந்தம். வாம்மா போவோம்."

அவள் நகரவில்லை. "கண்ணு எப்பிடிண்ணே?"

"கண்ணத் தொடல. அது அவரோடதுதான்."

"மூக்கு?"

"ஒரு பக்கம் கொஞ்சம் சீவியிருக்காங்க."

"காது?"

"காது அவரோடது."

"அது தெரியுது." படத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் அப்பன் வாசலில் நின்றார். வெளியே வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பதா பூட்டுவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். "அம்மை வந்து பொழச்சவருக்கு இனி அது வராது," என்றாள். "காதும் பெரிசா இருக்கு, நான் சொல்றது கேக்கும். வரச் சொல்லுங்கப்பா. ஆனா பென்சில் இல்லாம வரச் சொல்லுங்க."

மச்சான் துணி அளக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

கேமரா வாங்கியவர்களுக்கு என் பதில் இந்தக் கதைக்குள் பாதி வந்துவிட்டது. மீதியும் சொல்லிவிடுகிறேன். அதே கண்ணாடியைப் போட்டு நமுனுகுல மலையை எடுத்துப் பார்த்தேன். மேகம் விழுந்தது, மலையும் விழுந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு மலை இரண்டு மலையாகத் தெரிந்தது. தூரத்துப் பொருளுக்குக் கோணல் கண்ணாடி ஆகாது. பக்கத்து முகத்துக்கு ஆகும். மஞ்சள் தெரியாத பிளேட்டுக்கோ பிலிமுக்கோ எந்தக் கண்ணாடியும் ஆகாது, வெல்வெட் பெட்டியில் வந்தாலும் சரி. அதிக நேரம் அசையாமல் இருக்கப் பொறுமையுள்ள ஆள் முன்னால் இருந்தால் மலிவுக் கண்ணாடி வாங்கலாம். ஓடுகிற குழந்தையையும் ஆடுகிற மாட்டையும் எடுக்கப் போகிறவர் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டு இன்னும் கிட்டே போய் நிற்கட்டும்.

கலியாணம் தோட்டத்தில்தான் நடந்தது. என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். லயத்துக்கு முன்னால் பந்தல். மாப்பிள்ளைக்கும் மஞ்சள், பெண்ணுக்கும் மஞ்சள், கும்பிட வந்தவன் கையிலெல்லாம் மஞ்சள். மலையில் மழை கட்டிக்கொண்டு நின்றது, வெளிச்சம் குறைவு. கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தனியாக என்னிடம் வந்தார். காது நான் நினைத்ததைவிடப் பெரிது. என்னைப்போலவே ஆளைப் பார்த்துப் பேசத் தெரியாதவர். கண்ணாடியை ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கண்ணாடி போட்டா தழும்பு விழாதுன்னாங்க. நெசமாங்க?"

பல வருஷமாக என்னிடம் கேட்டவர்கள் எல்லோருக்கும் தலையை ஆட்டியவன் நான். அவருக்கு ஆட்ட முடியவில்லை.

"விழுமுங்க," என்றேன். "அது நிறம் இல்ல, பள்ளம். வெளிச்சத்துக்கு நேரா நின்னா கொஞ்சம் கொறையும். மறையாது."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பந்தலுக்குள்ளிருந்து மணப்பெண் கூப்பிட்டாள். "அங்க என்ன பேச்சு? மழ வருது. வந்து நில்லுங்க."

போய் நின்றார். வெளிச்சத்துக்கு நேராக நிற்கவில்லை; அவள் நின்ற பக்கமாக நின்றார். அவர் கன்னத்துப் பள்ளம் அத்தனையிலும் நிழல் விழுந்தது. நான் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், மூடியைத் திற என்று. திறந்தேன். இருவரும் அசையவில்லை. கங்காணியார் மட்டும் தப்பு மேளம் அடிக்கிறவர்களை அதட்டத் திரும்பிவிட்டார். அந்தப் படத்தில் அவருக்குத் தலைப்பாகை இருக்கிறது, முகம் இல்லை. மூடியை மூடும்போது பெரிய துளிகளாக மழை விழுந்தது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்துக்குள் ஓடினேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் இருவரும் பந்தலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் பந்தல் ஓலை வழியாக ஒழுகி இரண்டு பேர் முகத்து மஞ்சளையும் கழுவிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொன்னாள். அவர் நன்றாகக் குனிந்து கேட்டார்.